படிக்கட்டும் பண்பாட்டுரிமையும்: நினைவில்ல நூதனசாலைகள் பற்றிய ஒரு திறனாய்வு

1

கலை, இலக்கியப் படைப்புகளை அவை தோன்றிய சமூகச் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும் என்பது இன்று நம்மிடையே பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட திறனாய்வு நெறியாகும். ஆயின், அப்படைப்புகளைத் தந்தோரின் வாழ்விடங்களும் ஆட்சியாளரின் மாளிகைகளும் நூதனசாலைகளாக மாற்றப்பட்டு மக்கள் முன் வைக்கப்படும்போது, அவற்றையும் அந்நெறி கொண்டே ஆராய வேண்டும் என்ற உணர்வு போதியளவு வளர்ந்துள்ளதெனக் கூறமுடியாது. நினைவில்லமும் ஒரு பனுவலே. அதன் அறைகள், தளபாடங்கள், கயிறு கட்டி மறிக்கப்பட்ட வாயில்கள், வழிகாட்டியின் உரை யாவும் சேர்ந்து ஒருவரது வாழ்க்கையை ஒரு குறிப்பிட்ட வகையிற் கதையாக்குகின்றன. எந்தக் கதை சொல்லப்படுகின்றது, எது விடப்படுகின்றது என்று கேட்பது திறனாய்வாளன் கடமையாகும்.

நூலுக்கும் நினைவில்லத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நூலைக் கண்ணாலோ செவியாலோ வாசிக்கின்றோம். இல்லத்தையோ உடலால் வாசிக்கின்றோம். வாயிற்படியைத் தாண்டி, நடையைக் கடந்து, மாடிப்படி ஏறினாலன்றி இப்பனுவலின் அடுத்த பக்கம் திறப்பதில்லை. சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவருக்கு இந்நூல் முதற்பக்கத்திலேயே மூடிக்கொள்கின்றது. இதற்குச் சொல்லப்படும் நியாயம் பெரும்பாலும் ஒன்றே: இல்லம் அன்று இருந்தவாறே பேணப்படவேண்டும், சாய்தளமோ உயர்த்தியோ அமைப்பின் அதன் மெய்ம்மை கெடும். இந்த நியாயத்தின் கருத்துநிலை அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதன்பொருட்டு மூன்று நினைவில்லங்களை எடுத்துக்கொள்கின்றோம். முதலிரண்டும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர்கள் வாழ்ந்த இல்லங்கள். மூன்றாவது, நமது வாதத்தின் எல்லையைச் சோதிக்க வல்லது.

2

ஆராய்வுக்குமுன் ஒரு கருத்தைத் தெளிவுபடுத்துதல் தகும். உடற்குறைபாடு வேறு, இயலாமை வேறு என்பதே அது. 1972இல் பிரித்தானியாவிலே தோன்றிய, தனிமைப்படுத்தலுக்கு எதிரான உடற்குறைபாடுடையோர் சங்கம், 1976இல் வெளியிட்ட தன் அடிப்படைக் கோட்பாடுகளில் இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. கால் இயங்காமை உடல்சார்ந்த ஒன்று. அக்காலையுடையவரைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்திவைப்பது சமூகம் சுமத்தும் ஒடுக்குமுறை. இச்சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான விக் பிங்கெல்ஸ்ரைன், தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கு எதிராகச் செயற்பட்டமைக்காகச் சிறைசென்று பின் பிரித்தானியாவுக்கு வந்தவர். சக்கர நாற்காலியில் இயங்கியவர். இவ்வழிவந்த சிந்தனையை மைக் ஒலிவர் 1983இல் ‘சமூக மாதிரி’ எனப் பெயரிட்டு, 1990இல் வெளியிட்ட நூலில் முதலாளித்துவ உற்பத்திமுறையின் வளர்ச்சியோடு தொடர்புபடுத்தி விளக்கினார். தொழிற்சாலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத உடல், உழைப்புச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, இரக்கத்துக்கும் மருத்துவத்துக்கும் உரிய பொருளாக்கப்பட்டது என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

இவ்வகையில் நோக்கின், படிக்கட்டு வெறும் கட்டட உறுப்பாகத் தோன்றாது. ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் முன்புறப் படிகள் அகன்றும் தாழ்ந்தும் அமைந்திருக்க, பணியாட்களுக்குரிய பின்புறப் படிகள் ஒடுங்கியும் செங்குத்தாயும் இருந்தமை யாவரும் அறிந்ததே. நோயுற்ற எசமானரைப் பணியாட்கள் தூக்கிச் சென்றனர். பணியாளர் நோயுற்றபோது அவருக்கு அவ்வீட்டில் இடமிருக்கவில்லை. ஆகவே, யாருடைய உடலுக்காகக் கட்டப்பட்டது, யாருடைய உழைப்பால் இயங்கியது என்ற இரு வினாக்களும் படிக்கட்டின் வரலாற்றில் ஒன்றாகவே உறைகின்றன.

3

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதியாக விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ற் 1882இல் நியூயோர்க் மாநிலத்து ஹைட் பார்க்கிலுள்ள ஸ்பிறிங்வூட் என்னும் குடும்ப இல்லத்திற் பிறந்தார். 1921 ஓகஸ்டில், தமது 39ஆவது வயதில், இளம்பிள்ளைவாதம் எனக் கண்டறியப்பட்ட நோயால் இரு கால்களும் செயலிழந்தன. இல்லம் 1944இல் தேசிய வரலாற்றிடமாக்கப்பட்டு, அவர் இறந்த முதலாண்டு நிறைவான 1946 ஏப்ரல் 12ஆந் திகதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இவ்வில்லத்தை வாசிக்கும்போது முதலில் நம் கவனத்தைக் கவர்வது, அது ஒருபோதும் ‘இருந்தவாறே’ இருந்ததில்லை என்பதாகும். 1867இல் ரூஸ்வெல்றின் தந்தை வாங்கிய வீடு, 1915இல் இருபுறமும் விரிவாக்கப்பட்டு முற்றிலும் வேறொரு தோற்றம் பெற்றது. வளரும் குடும்பத்துக்கும் அரசியலில் உயர்ந்துவந்த மகனின் நூல்களுக்கும் விருந்தினர்க்கும் இடம் வேண்டியிருந்தது; வீடு மாறியது. பின்னர் அம்மகனின் கால்கள் செயலிழந்தன. வீடு மீண்டும் மாறியது. பயணப் பெட்டிகளை மேலேற்றுவதற்கென இருந்த சிறு உயர்த்தியில் தம்மை அமர்த்திக்கொண்டு, கயிற்றைத் தம் கைகளால் இழுத்து அவர் மாடிக்குச் சென்றுவந்தார். மின்விசை பொருத்த அவர் விரும்பவில்லை. தீவிபத்தில் மின்சாரம் தடைப்பட்டால் உள்ளே அகப்பட்டுக்கொள்ள நேரும் என்ற அச்சமே காரணம் எனக் கூறப்படுகின்றது. தளமட்டம் மாறுமிடத்துச் சாய்தளம் வந்தது. அவருடைய சக்கர நாற்காலியும் சாதாரண மர நாற்காலியொன்றின் அடியிற் சில்லுகள் பூட்டி ஆக்கப்பட்டதே.

1938, 1939ஆம் ஆண்டுகளில் தமது பண்ணை நிலத்தின் குன்றொன்றின்மீது அவர் கட்டுவித்த ரொப் கொற்றேஜ் இதனினும் ஒருபடி மேலே செல்கின்றது. கட்டடக்கலைஞர் ஹென்றி ரூம்ஸுடன் சேர்ந்து தாமே திட்டமிட்ட இவ்வீட்டில் வாயில்களுக்குக் குறுக்கே தடுப்புப்படி இல்லை. அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு வெளிக்காட்சி புலப்படுமாறு யன்னல்கள் தாழ்வாக அமைந்தன. விறாந்தையிலிருந்து நிலத்துக்கு மண்ணாலேயே சாய்தளம் இடப்பட்டது. 1939 ஜூனில் பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜை அவர் இங்கு விருந்தோம்பினார். சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவர் தம் தேவைக்கெனத் தாமே வரைந்த வீடுகளுள் இது காலத்தால் முந்திய ஒன்றெனலாம்.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு யாது? ஓர் இல்லத்தின் மெய்ம்மை என்பது அசையாத ஒரு கணத்தில் இல்லை. அங்கு வாழ்ந்தோரின் தேவைகளுக்கேற்ப அது மாறிய வரலாற்றிலேயே உள்ளது. உடைமையாளன் மாற்றியபோது அது வரலாறு எனப்பட்டது. பார்வையாளருக்காக மாற்றக் கோரும்போது அது வரலாற்றைச் சிதைப்பது எனப்படுகின்றது. மாற்றம் என்ற செயல் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது அதைக் கோருபவரின் சமூக இடம் மாத்திரமே. மெய்ம்மை பற்றிய வாதம் கட்டடத்தைப் பற்றியது போற் பேசினும், உள்ளுறையில் உடைமை பற்றியதே.

4

ரூஸ்வெல்றைத் தனிமனித மனவுறுதியின் வெற்றிச் சின்னமாகக் காட்டுவது அவரைப் பற்றிய எழுத்துகளின் பொதுப் போக்காகும். இதனை நாம் அப்படியே ஏற்றல் இயலாது. அவர் தம் உலகைத் தம் உடலுக்கேற்ப அமைத்துக்கொள்ள இயன்றது, நிலமும் பணமும் பிறர் உழைப்பும் அவர் வசம் இருந்தமையாலேயாம். நாள்தோறும் அவரைத் தூக்கி, உடுத்தி, இரும்புப் பட்டைகளைக் காலிற் பூட்டிவிட்டவர்கள், அவரது கறுப்பினப் பணியாளர்களான ஏர்வின் மக்டபியும் பின்னர் ஆதர் பிறெற்றிமனும் ஆவர். உயர்த்தியின் கயிற்றை அவர் கைகள் இழுத்தன என்பது உண்மை. அவ்வுயர்த்தியின் வாயில்வரை அவரைக் கொணர்ந்த கைகளைக் காண்பதும் வரலாற்றுணர்வின் பாற்பட்டதே.

1926இல் அவர் ஜோர்ஜியா மாநிலத்து வோம் ஸ்பிறிங்ஸை விலைக்கு வாங்கி இளம்பிள்ளைவாத நோயாளருக்கான சிகிச்சை நிலையமாக்கினார். படியேறும் தடைகள் நீக்கப்பட்ட சூழல் தனிவீட்டுக்கு அப்பால் ஒரு சமுதாயத்துக்குரியதாக அங்கு விரிந்தது; இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும் கறுப்பின நோயாளர்க்கு அங்கு இடமளிக்கப்படவில்லை. அவர்களுக்கென ரஸ்கீஜியில் தனி நிலையமொன்று 1941இலேயே திறக்கப்பட்டது. சாய்தளம் இருந்தும் வாயில் மூடியிருந்தது. வாயிலின் அகலத்தை அளப்பது போதாது, அவ்வாயில் யாருக்காகத் திறக்கின்றது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேலும், ஆட்சித் தலைவரின் உடல் பற்றிய ஒரு தோற்றம் திட்டமிட்டே பேணப்பட்டது. சக்கர நாற்காலியில் அவரைக் காட்டும் புகைப்படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் நன்கறியப்பட்டது 1941 பெப்ரவரியில் ரொப் கொற்றேஜில் மார்கரெற் சக்லி எடுத்தது. 1945 மார்ச் முதலாந் திகதி யால்ற்றா மாநாடு பற்றிக் காங்கிரசில் உரையாற்றியபோது, அமர்ந்தவாறு பேசுவதற்கு மன்னிப்புக் கோரி, கால்களிற் பூட்டிய இரும்பின் பாரத்தை அவர் வெளிப்படையாகக் குறிப்பிட்டமை அரிய நிகழ்ச்சியாகும். 1997 மே மாதத்தில் வாஷிங்ரனில் அவரது நினைவகம் திறக்கப்பட்டபோதும் பழைய மறைப்பே தொடர்ந்தது: அமர்ந்த சிலையின் நாற்காலியைப் பெரும் மேலங்கி மூடியிருந்தது. உடற்குறைபாடுடையோர் இயக்கங்கள் இதை எதிர்த்துப் போராடி, 16 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் திரட்டி, சக்கர நாற்காலியில் அவர் வெளிப்படையாக அமர்ந்திருக்கும் சிலையொன்றை 2001 ஜனவரியில் நினைவகத்தின் நுழைவாயிலில் நிறுவச் செய்தன.

ஆகவே வரலாற்று மெய்ம்மையின் காவலராக இங்கு நின்றவர்கள் மேலங்கியைப் போர்த்தியோர் அல்லர். அதை நீக்கக் கோரியோரே ஆவர். இக்கோரிக்கைக்குப் பின்னால் நீண்ட போராட்ட மரபொன்றுண்டு. அரச நிதிபெறும் நிறுவனங்கள் உடற்குறைபாடு காரணமாக எவரையும் விலக்கலாகாது என்ற 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டன. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் மத்திய அரச அலுவலகத்துட் புகுந்த நூற்றுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ நான்கு வாரங்கள் அங்கேயே தங்கினர். அவர்களுக்கு நாள்தோறும் உணவு கொணர்ந்தவர்கள் கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் என்பது முற்போக்காளர் மறக்கலாகாத செய்தியாகும். ஒழுங்குவிதிகள் கையொப்பமாயின. இன்று ஏதேனுமொரு நினைவில்லத்தின் வாயிலிற் காணப்படும் சாய்தளம் ஒரு நிருவாகியின் கருணையால் முளைத்ததன்று.

5

இரண்டாவது இல்லம், மெக்சிக்கோ நகரின் கொயோகான் பகுதியிலுள்ள நீல இல்லமாகும். ஓவியர் பிரிடா காலோ 1907இல் பிறந்தவர், ஆறாவது வயதில் இளம்பிள்ளைவாதத்துக்கும், 1925 செப்ரெம்பரில் பேருந்து விபத்துக்கும் உள்ளாகி வாழ்நாள் முழுதும் வேதனையுற்றவர், பொதுவுடைமையாளர். 1953இல் அவரது வலது கால் முழங்காலின்கீழ் துண்டிக்கப்பட்டது. 1954 ஜூலை 13இல் மறைந்தார். அவரது கணவரான ஓவியர் டியேகோ றிவேரா மக்களுக்கெனக் கையளித்த இவ்வில்லம் 1958இல் நூதனசாலையாயிற்று.

மேற்றளத்து ஓவியக்கூடத்திலே, ஓவியத் தாங்கியின் முன்னால், காலோவின் சக்கர நாற்காலி வைக்கப்பட்டுள்ளது. படுக்கையருகே மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்ராலின், மாவோ ஆகியோரின் படங்கள் உள்ளன. பூட்டியிருந்த குளியலறை 2004இல் திறக்கப்பட்டபோது வெளிவந்த உடைகளும் முதுகுப் பட்டைகளும் செயற்கைக் காலும் 2012 முதற் காட்சிக்கு வைக்கப்பட்டன. ரூஸ்வெல்றின் நினைவகத்தில் மறைக்கப்பட்டது இங்கே மையத்துக்கு வந்துள்ளது. எனினும் வேறொரு சிக்கல் எழுகின்றது. வெறுமையான சக்கர நாற்காலி வேதனையின் திருச்சின்னமாகப் போற்றப்படுகின்றது. காலோவின் உருவமோ உலகச் சந்தையில் சட்டைகளிலும் பைகளிலும் பண்டமாக விற்கப்படுகின்றது. 1954 ஜூலை 2ஆந் திகதி, மரணத்துக்குப் பதினொரு நாள் முன்பு, குவாத்தமாலாவில் அமெரிக்கத் துணையோடு நிகழ்ந்த ஆட்சிக்கவிழ்ப்பைக் கண்டிக்கும் ஊர்வலத்தில் அவர் அந்நிலையிலும் சக்கர நாற்காலியிற் கலந்துகொண்டார். அன்று அந்நாற்காலி வீதியில் மக்களோடு உருண்ட ஒரு போராட்டக் கருவி. இன்று அது அசைவற்றது. நூதனசாலையிற் காட்சிப் பொருளான சக்கர நாற்காலி விழிகளை ஈரமாக்கும். பார்வையாளராக வரும் சக்கர நாற்காலியோ, பொதுவாக எந்த நினைவில்லத்திலும், நிருவாகத்துக்கு ஒரு பிரச்சினையாகவே தோன்றும். இம்முரண்பாடு தற்செயலானதன்று. காட்சிப் பொருள் எதையும் கோருவதில்லை. பார்வையாளர் உரிமை கோருகின்றார்.

இவ்விடத்து காலோவின் இறுதிக்கால ஓவியமொன்றையும் நோக்குதல் பொருந்தும். மார்க்சியம் நோயுற்றோருக்கு நலமளிக்கும் என்னும் பொருள்படும் தலைப்புடைய, 1954ஆம் ஆண்டுக்குரிய அவ்வோவியம் இந்நூதனசாலையிலேயே உள்ளது. அதிலே பேரளவான கைகள் தாங்க, காலோ ஊன்றுகோல்களைக் கைவிட்டு நிற்கின்றார். மார்க்சிய நம்பிக்கையின் உணர்ச்சி வெளிப்பாடாக இதனை மதிக்கின்றோம். ஆயினும் அதன் கருத்தோடு உடன்பட இயலவில்லை. ஊன்றுகோல் கழன்று விழுவது அற்புதக் கதைகளுக்குரிய படிமம். விடுதலையைக் குணமாதலோடு அது ஒன்றாக்குகின்றது. குணமாகாத உடலுக்கும் விடுதலை உண்டென்பதும், அதற்கு ஊன்றுகோலை வீசவேண்டியதில்லை, படியைத்தான் மாற்றவேண்டும் என்பதும் பொருள்முதல்வாத நோக்கின் பேறுகளாகும். முற்போக்காளர் பலரிடமும் இவ்விடயத்தில் கருத்துமுதல்வாதம் எஞ்சிநிற்கின்றது. ஊனத்தை ஒடுக்குமுறையின் உவமையாகப் பயன்படுத்தும் நம் கவிதைகளிலும் சிறுகதைகளிலும், ஊனமுற்றோர் தம் உரிமைக்காகப் பேசும் மாந்தராக எத்தனை தடவை வந்துள்ளனர் என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

6

இனி, நம் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றொன்றை எதிர்கொள்ளவேண்டும். அம்ஸ்ரர்டாம் நகரின் பிறின்சன்ஹிராஹ்ட் 263ஆம் இலக்கக் கட்டடத்தின் பின்பகுதியில் ஆன் பிராங்கும் குடும்பத்தினரும் ஏனைய நால்வரும் 1942 ஜூலை முதல் 1944 ஓகஸ்ட் வரையான காலத்தில் நாசிகளிடமிருந்து மறைந்து வாழ்ந்தனர். 1960இல் அது நூதனசாலையாயிற்று. நூல் அலுமாரியின் பின்னே மறைந்த வாயிலும் செங்குத்தான ஒடுங்கிய படிகளும் அங்கு வெறும் கட்டட அம்சங்கள் அல்ல; மறைந்து வாழ நேர்ந்தமையின் நேரடிச் சான்றுகள். அவற்றை அகற்றின் வரலாறே அகலும். அப்பழைய பகுதிக்குச் சக்கர நாற்காலியிற் செல்ல முடியாதென்பதை நூதனசாலை வெளிப்படையாகவே அறிவித்துள்ளது.

இதனை நாம் ஏற்கின்றோம். ஆனால் ஏற்பதற்கான காரணம் பழைமை அன்று. அப்படி அந்த வரலாற்றின் பொருளையே தாங்கிநிற்கின்றமையாகும். மேலும், இவ்வில்லமும் மாற்றமின்றிப் பேணப்பட்டதன்று. நாசிகள் தளபாடங்களை அகற்றியபின், தந்தையார் ஒற்றோ பிராங்கின் விருப்பப்படி அறைகள் வெறுமையாகவே விடப்பட்டன. அன்றைய தோற்றத்தைக் காட்ட அவரது வழிகாட்டலில் சிறுமாதிரிகள் செய்யப்பட்டன. அடுத்துள்ள இடத்தில் எழுந்த புதிய கட்டடம் 1999இல் திறக்கப்பட்டது. படியேற இயலாதோர் மறைவிடத்தை மெய்நிகர் காட்சியாகக் காணவும் பின்னர் வசதி செய்யப்பட்டது. இங்கு பேணல் என்பது கண்மூடித்தனமான பழக்கமாக இல்லாமல், எதை ஏன் வைத்திருக்கின்றோம் என்ற தெரிவாக இருந்தது.

இதிலிருந்து ஓர் அளவுகோலை வகுக்கலாம். ஒரு தடை தானே வரலாற்றுச் சான்றாக நிற்கின்றதா, அன்றி வெறுமனே அங்கு இருக்கின்றதா என்பதே கேட்கப்படவேண்டிய வினா. முன்னதாயின் தடையைப் பேணி, அதன் பொருளை எல்லோருக்கும் எட்டச்செய்யும் வேறுவழி காண்க. பின்னதாயின் தடையை நீக்குக. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள், கட்டடத்தின் வரலாற்று முக்கியத்துவத்தை மாற்றம் அச்சுறுத்துமாயின் அல்லது அழிக்குமாயின், எட்டாத பகுதிகளை ஒலி-ஒளிச் சாதனங்கள் மூலம் காட்டுதல் போன்ற மாற்று ஏற்பாடுகளுக்கு இடமளிக்கின்றன. இவ்விலக்கு தேவையானதே, ஆனால் ஆபத்தும் உடையது. செலவு குறைந்த வழியை நாடும் நிருவாகத்துக்கு, விலக்கே விதியாகிவிடுதல் எளிது. தோழர் மாடியேற, கீழ்த்தளத்து மூலையில் ஒருவர் தனித்திருந்து திரையைப் பார்ப்பது பண்பாட்டிற் பங்குபெறல் ஆகாது. பின்புறக் களஞ்சிய வாயிலால் அவரை அனுமதிப்பது, முன்னர் பணியாட்களுக்குரியதாயிருந்த வழியைப் புதியதொரு பிரிவினருக்கு ஒதுக்குவதாகும். எது சான்று, எது வெறும் தடை என்பதைத் தீர்மானிக்கும் சபையிற் சக்கர நாற்காலியில் இயங்குவோரும் அமர்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் அளவுகோல் உடைமையாளர் கையிலேயே இருக்கும்.

7

இவ்வினா பிறநாட்டு மாளிகைகளோடு முடிவதன்று. 2006இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, நூதனசாலைகளையும் இயன்றளவு தேசிய முக்கியத்துவமுடைய நினைவுச் சின்னங்களையும் அணுகுவதை உரிமையாக வரையறுக்கின்றது. இலங்கை அதனை 2016இல் உறுதிப்படுத்தியது. அதற்கு முன்னரே, வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக்கட்டடங்களை அணுகுதல் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் இந்நாட்டில் இருந்தன. நீண்ட யுத்தம் எண்ணற்றோரின் அவயவங்களைப் பறித்த நாடு இது. இங்கு எழுத்தாளர், அறிஞர், போராளிகள் ஆகியோரின் இல்லங்களைப் பேணவேண்டும் என்ற கோரிக்கை முன்வைக்கப்படும்போதெல்லாம், யாரெல்லாம் உள்ளே வரமுடியும் என்பது அக்கோரிக்கையின் முதல் வரியிலேயே இடம்பெறல் வேண்டும். கட்டி முடித்தபின் சேர்க்கப்படும் சாய்தளம் பெரும்பாலும் சேர்க்கப்படுவதேயில்லை.

கடந்தகாலம் யாருடைய சொத்து என்ற வினாவுக்கு, அது மக்கள் அனைவரதும் சொத்து என்று விடைகூறுவது முற்போக்கு மரபு. அவ்விடை மெய்யா பொய்யா என்பதை நாம் விழாமேடைகளிற் காணமுடியாது. நினைவில்லத்தின் வாயிற்படியில், நிலத்துக்கும் தளத்துக்கும் இடையேயுள்ள சில அங்குல உயரத்திலே அதனைக் காணலாம்.